முதலில் வண்டி, பிறகு தண்ணீர்

அத்தியாயம் நான்கு

காவல் நிலையத்திலிருந்து அன்று மூன்றாவது முறையாக அழைப்பு வந்தது. குழந்தைகள் அறுவைப் பிரிவின் நடைபாதையில் அமர்ந்திருந்த தாய், சாயங்காலத்துக்குள் வந்து கையெழுத்துப் போடுவதாகச் சொல்லிவிட்டுக் கைப்பேசியை மடியில் கவிழ்த்துக்கொண்டாள்.

புகாரை அவர்களே எழுதி வைத்துவிட்டார்கள். அதன் கீழே அவள் பெயரை எழுதினால், இரண்டாவது கணவன் சிறைக்குப் போவான்; ஒன்பது வயது மகன், நீதிமன்றத்தின் ஆசியோடு, முதல் கணவன் வீட்டுக்குப் போவான். எழுத மறுத்தால், பெற்ற பிள்ளையின் வயிற்றைக் குத்தியவனை மூடி மறைத்தவள் என்று ஊர் அவளைக் காலமெல்லாம் சொல்லிக் காட்டும்.

"ரெண்டு பேருல யாருன்னு மட்டும் சொல்லிடுங்க சார். அதுக்கப்புறம் நான் பாத்துக்கறேன்" என்றாள்.

அவள் உதவிக்கு அழைத்திருந்த பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. எந்தக் கேள்விக்கும் உடனே பதில் சொல்லாததால்தான் அவருக்கு நிதானம் என்று பெயர். காப்பீட்டு நிறுவனங்களுக்காக வாழ்நாளின் பாதியை விபத்து விசாரணையில் கழித்தவர். பொய் சொல்கிறவன் தானாகக் களைத்துப் போகும்வரை காத்திருப்பதே அவர் கற்ற வித்தை. அவருடைய உதவியாளரான கண்டக்டரம்மாவுக்கோ காத்திருப்பது ஆகவே ஆகாது. பேருந்தில் சீட்டுக் கிழித்த காலத்துக் குரலும், யாருடைய பேச்சுக்கும் சில்லறை பாக்கி வைக்காமல் திருப்பிக் கொடுத்துவிடும் குணமும், வேலையை விட்டபின்பும் அவளை விட்டுப் போகவில்லை.

நடந்தது இதுதான். வாரநாள்களில் சிறுவன் தாயோடும், பிளம்பர் வேலை பார்க்கும் அவளுடைய இரண்டாவது கணவனோடும் இருப்பான். ஞாயிறுதோறும் சொந்தத் தகப்பனிடம் போவான். அந்தத் தகப்பன், சிறு பிள்ளைகளுக்கு மோட்டோகிராஸ் பழக்கும் பயிற்சித் திடலின் உரிமையாளன். மண்மேடுகளின்மேல் மோட்டார் சைக்கிளில் தாவிப் பல கோப்பைகள் வாங்கியவன். சாம்பியன் என்றால்தான் அவனை ஊருக்குத் தெரியும். ஞாயிறு மாலை, பிளம்பர் ஸ்கூட்டரில் போய்ச் சிறுவனை அழைத்து வந்தார். அன்றிரவு அவன் சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டான். செவ்வாய்க்கிழமை வாந்தியும் காய்ச்சலும் கண்டு, வயிறு பலகையாக இறுகிப்போய், ஆஸ்பத்திரிக்கு வந்த சிறிது நேரத்தில் அறுவை அரங்கில் இருந்தான்.

வயிற்றைத் திறந்து தைத்த பெண் மருத்துவர், நிதானத்தையும் கண்டக்டரம்மாவையும் உள்ளே அழைத்துக் காட்டினார். சிறுவன் மருந்து மயக்கத்தில் கிடந்தான், உதடு வெடித்திருந்தது. நடுவயிற்றில் நீளமான கட்டு. அதற்கு இடப்புறத்தில், முத்திரை குத்தியதைப்போல ஒரு நீல வளையம்.

"வெளியில இவ்வளவுதான் தெரியும். உள்ள குடல் ஒரு இடத்துல கிழிஞ்சிருக்கு. கணையம் முதுகெலும்புல அழுந்தி நசுங்கியிருக்கு" என்றார் மருத்துவர். நெஞ்சிலும் அடி உண்டு என்றார். விலா எலும்பு ஒன்றுகூட முறியவில்லை, அதைக் கேட்டுப் பெற்றவர்கள் மகிழ்வார்கள், அதுதான் தவறு. குழந்தையின் விலா எலும்பு இளசு, வளைந்து கொடுத்துவிடும். தான் முறியாமல், வாங்கிய அடியை அப்படியே நுரையீரலுக்குக் கொடுத்துவிடும். இதைச் சொல்லிவிட்டு, அவர் குரலைத் தாழ்த்தி ஒன்றைச் சேர்த்தார். "ஞாயித்துக்கிழமையே கொண்டு வந்திருந்தா, இவ்வளவு தூரம் வந்திருக்காது. அதுதான் எனக்கு ஆறல."

வளையம், குழாயின் வாய் அழுந்திய வடு என்று மருத்துவர் குறிப்பெழுதியிருந்தார். வீட்டில் பிளம்பர் இருக்கிறார். காவல்துறைக்கு இந்த இரண்டும் போதுமானவையாக இருந்தன. அவரை நிலையத்தில் உட்காரவைத்து, அவருடைய வேலைப் பையிலிருந்து குழாய்த் துண்டுகளைக் கைப்பற்றிவிட்டார்கள்.

"பிளம்பர் வீட்ல குழாய் இருக்குன்னு கண்டுபிடிச்சிருக்காங்க" என்றாள் கண்டக்டரம்மா. "அடுத்தது தையல்காரர் வீட்ல ஊசியப் பிடிப்பாங்க."

நிதானம் சிரிக்கவில்லை. வளையத்தின் அளவு வேண்டும் என்றார். கண்டக்டரம்மா வெளியே ஓடி, தாய் வீட்டிலிருந்து அவசரத்தில் அள்ளிப் போட்டு வந்த பையைப் பெஞ்சில் கவிழ்த்தாள். துண்டு, சீப்பு, பல் துலக்கும் பிரஷ், ஒரு மருந்துப் புட்டி. புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டு வந்து மருத்துவரிடம் நீட்டினாள். தோலில் படாமல் மருத்துவர் அதைக் காயத்துக்கு மேலே பிடித்தார். மூடியின் விளிம்பும் நீல விளிம்பும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி நின்றன.

மூடி கண்டக்டரம்மாவின் கைப்பைக்குள் போயிற்று.

*

திடல், நகரத்தின் கடைசியில், கைவிடப்பட்ட ஒரு கல்குவாரிக்குப் பின்னால் இருந்தது. கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே பெற்றோர் நின்று, தத்தம் பிள்ளையை இன்னும் வேகமாகப் போகும்படி கத்திக்கொண்டிருந்தார்கள். உள்ளே, பால் பல் விழாத பிள்ளைகள் இன்ஜின் உறுமும் வண்டிகளில் மேடுகளின்மேல் எழும்பி விழுந்தார்கள். பள்ளிக்கூடப் படியில் இரண்டு இரண்டாக இறங்கினால் கண்டிக்கிற அதே பெற்றோர்தாம் இவர்கள் என்பதை நினைத்தபோது, கண்டக்டரம்மாவுக்கு வாயில் வந்தது வேடிக்கைப் பேச்சாக இல்லை.

ஓட்டி முடித்த ஒரு சிறுமி, தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல், வண்டியைத் தொட்டியருகே தள்ளிச் சென்று, தன்னைவிட நீளமான பிரஷைப் பிடித்துத் தேய்க்கத் தொடங்கினாள். கயிற்றுக்கு அப்பால் அவள் தாய் தண்ணீர் பாட்டிலை ஏந்தியபடி காத்து நின்றாள். கொட்டகையின் சுவரில் ஆளுயரத்துக்குச் சிவப்புச் சாயத்தில் எழுதியிருந்தது: முதலில் வண்டி, பிறகு தண்ணீர்.

"என் டிராக்ல இதுதான் சட்டம்" என்று வரவேற்றான் சாம்பியன். அகன்ற தோளும், எதிராளியைத் தட்டிக் கொடுத்தே பேசும் பழக்கமும் உள்ளவன். "வண்டி உனக்கு உசுரு குடுக்குது. அதைக் கவனிச்சுட்டு அப்புறம் உன் தொண்டையக் கவனி. ஒழுக்கம் இங்கேர்ந்துதான் ஆரம்பிக்குது."

"பஸ்ஸுல டிரைவருக்கு இந்தச் சட்டம் இருந்திருந்தா, டிப்போல பாதிப் பேரு தாகத்துலயே போயிருப்பாங்க" என்றாள் கண்டக்டரம்மா.

அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மகனைப் பற்றிக் கேட்டதும் முகத்தை வேண்டிய அளவுக்கு வாடவைத்துக்கொண்டு, கதையைத் தடங்கலில்லாமல் சொன்னான். பையனின் வண்டியில் அதற்கு முந்தைய வாரமே சங்கிலி அறுந்துவிட்டது. ஞாயிறு முழுவதும் பையன் கயிற்றுக்கு வெளியே உட்கார்ந்து வேடிக்கைதான் பார்த்தான். கைபடாத பிள்ளையாகத்தான் பிளம்பரிடம் ஒப்படைத்தான். அதன்பின் அந்த வீட்டில் என்ன நடந்தது என்பது ஆண்டவனுக்கும் அந்தப் பிளம்பருக்குமே தெரியும்.

வண்டியையும் காட்டினான். கொட்டகைச் சுவரோரம் பத்துப் பன்னிரண்டு சிறிய வண்டிகள் கண்ணாடியைப்போல மின்னிக்கொண்டு வரிசையாக நின்றன. கடைசி வண்டி மட்டும் தலைமுதல் கால்வரை மண். சங்கிலி தரையில் தொங்கியது.

பக்கத்து ஆணியில் சிறுவனின் நெஞ்சுக் கவசம் மாட்டியிருந்தது. கண்டக்டரம்மா அதை எடுத்துத் தன்மேல் வைத்துப் பார்த்து, இது எதுவரைக்கும் மூடும் என்று கேட்டாள். நெஞ்சுவரை என்றான் சாம்பியன். அதற்குக் கீழே மூடினால் பிள்ளைகளால் வளைந்து ஓட்ட முடியாதாம்.

"அப்ப வயித்த வீட்லயே விட்டுட்டு வரச் சொல்லுவீங்களா?"

சாம்பியனின் தட்டிக் கொடுக்கும் கை பாதியில் நின்றது. அவன் ஹேண்டில்பாரின் நுனியைத் தட்டிக் காட்டினான். இரு முனைகளிலும் தடித்த கறுப்பு ரப்பர், உருண்டையாக மூடியிருந்தது. இது குத்தினால் வளைய வடு வருமா, அவர்களே சொல்லட்டும் என்றான்.

நிதானம் வண்டியை ஒரு முறை சுற்றி வந்தார். பிறகு, காலை மடக்க முடியாத மனிதர், முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து, பின்சக்கரத்தின் மட்கார்டுக்கு அடியில் விரலை விட்டுத் துழாவினார். விரலைக் கண்டக்டரம்மாவிடம் நீட்டினார். விரலில் அழுக்கே இல்லை.

"மட்கார்டுக்கு மேல மண். அடியில சுத்தம்" என்றார்.

"மண்ணு மேலேர்ந்து பெஞ்சிருக்கும் போல சார்."

சாம்பியன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நிதானம் அவனுக்குத் தாராளமாக நேரம் கொடுத்தார். அவன் எதையும் சொல்லி முடிக்காததால், தாமே தொடர்ந்தார். சங்கிலி அறுந்த வண்டி என்றாலும், இந்தத் திடலின் சட்டப்படி அதுவும் கழுவப்பட்டிருக்க வேண்டும். சங்கிலிக்கும் தண்ணீருக்கும் பகை இல்லை. வரிசையில் இது ஒன்றே அழுக்காக நிற்கிறது. ஓடாத வண்டி என்று காட்ட நினைத்தவர், தம் சட்டத்தையே மறந்து, கழுவிய வண்டிக்கு மண் பூசிவிட்டார்.

"கைப்பிடிக்கும் ஏன் பூசினாருன்னுதான் எனக்குப் புரியாம இருந்துச்சு" என்று நிதானம் கைப்பிடியைத் தொட்டார். "இங்க பாருங்க. கைப்பிடி முழுக்க மண் ஒரே சீரா இருக்கு. உள்ளங்கை படற எடத்துல கூட. ஓட்டின பையன் இதைப் பிடிக்காமயா ஓட்டினான்?"

"பஸ் கம்பியில பயணி பிடிக்கற எடம் மட்டும் பளபளன்னு இருக்கும்" என்றாள் கண்டக்டரம்மா. "இந்தக் கம்பிய எந்தப் பயணியும் இன்னும் பிடிக்கல சார். ரப்பர் புதுசு. புதுசு மின்னுது, அதான் மண்ணு."

பழைய ரப்பர் எங்கே என்று நிதானம் கேட்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த ஒரு படத்தைப் பார்த்தார். சிறுவன் கோப்பையோடு தன் வண்டியருகே நிற்கும் படம். ஹேண்டில்பாரில் சிவப்பு ரப்பர். அதன்பின் அவர் பார்வை தொட்டிப் பக்கம் போயிற்று. சாம்பியன் எதையும் வீணாக்காதவன். தேய்ந்த கைப்பிடி ரப்பர்களை எல்லாம் கழுவுகிற பிரஷ்களின் கழிகளுக்கு மாட்டிவிடுவது அந்தக் கொட்டகையின் வழக்கம். தொட்டியில் சாய்த்திருந்த பிரஷ்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு ரப்பர் உறை. அந்தச் சிறுமி கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்த பிரஷுக்குச் சிவப்பு உறை.

கண்டக்டரம்மா அதைக் கெஞ்சி வாங்கி வந்தாள். உறையின் மூடிய நுனி, வட்டமாக அறுந்து திறந்திருந்தது. வண்டி பக்கவாட்டில் விழும்போதெல்லாம் உள்ளேயிருந்த இரும்புக் குழாயின் விளிம்பு ரப்பரை வெட்டி வெட்டி, கடைசியில் வெளியே எட்டிப் பார்த்திருக்கிறது. அந்த நிலையில்தான் ஒன்பது வயதுப் பிள்ளையை அதன்மேல் ஏற்றியிருக்கிறார்கள். விழுந்த வேகத்தில் ஹேண்டில்பார் திரும்பிக்கொண்டது; கவசம் முடிந்த இடத்தில் குழாய் தொடங்கிற்று.

மருந்து மூடியை எடுத்து அறுந்த வட்டத்தில் வைத்தாள். பொருந்தியது.

"டிக்கெட் சரியா இருக்கு சார்."

சாம்பியன் மறுப்பான், கத்துவான், ஆள்களைக் கூப்பிடுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் சட்டையைத் தூக்கினான். மார்க்குழிக்குக் கீழே தொடங்கித் தொப்புளைத் தாண்டி இறங்கியது ஒரு பழைய தையல் தழும்பு. அதன் பக்கத்தில், ஆண்டுகளில் வெளுத்துப்போன ஒரு வளையம்.

"எனக்குப் பத்து வயசுல" என்றான். குரலில் வெட்கம் இல்லை. "எங்கப்பா ரெண்டு மாசத்துல மறுபடி வண்டியில ஏத்தினாரு. செத்தா போயிட்டேன்? எம்பையன் விழுந்தான். எந்திரிச்சான். வண்டியக் கழுவினான், தண்ணி குடிச்சான். நல்லாத்தான் இருந்தான்."

"அவன் வயித்துல அந்த வட்டத்தப் பாத்தீங்களா?" என்று நிதானம் கேட்டார்.

இந்தப் பதிலுக்குக் காத்திருக்க அவருக்குத் தேவை இருக்கவில்லை. அந்த நீல வளையம் என்ன என்று அறிய உலகத்தில் யாருக்கும் மருத்துவர் வேண்டும். இந்த ஒருவனுக்கு மட்டும் தன் சட்டையைத் தூக்கினால் போதும். அவனோ ரப்பரை மாற்றினான், மண்ணைக் குழைத்தான், இன்னொருவன் பெயரைச் சொன்னான். செய்தி பரவினால் திடலை மூடிவிடுவார்களாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவன் குரல் கம்மியது.

*

திரும்பும் ஆட்டோவில் கண்டக்டரம்மா ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். பிளம்பர் விடுதலை, தாய்க்கு ஒரு கணவனாவது மிச்சம். பிரஷ் அவள் காலடியில் கிடந்தது. நிதானம் மூடியை வாங்கி விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டே இருந்தார்.

"இது எந்த பாட்டில் மூடி?" என்றார்.

வயிற்றுப் பொருமலுக்குக் குடிக்கும் மருந்து என்று சொன்னாள். மூடியின் உட்புறம் இன்னும் பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. புட்டியில் பாதிக்கு மேல் காலி என்பது அப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது.

"சார், வேணாம் சார்" என்றாள்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியதும் தாயிடம் கேட்டார்கள். அந்த மருந்தை வீட்டில் யாரும் குடிப்பதில்லை என்றாள். குளியலறையின் மேல் அலமாரியில் இருந்தவற்றை எல்லாம் கைக்கு வந்தபடி அள்ளிப் பையில் போட்டதாகச் சொன்னாள். சவரச் சாமான்கள் இருக்கும் அலமாரி, பையனுக்கு எட்டாது. சொல்லும்போதே அவள் எழுந்துவிட்டாள். மூவருமாகக் காவல் நிலையத்துக்குப் போனார்கள்.

பிளம்பர் சுவரோரப் பெஞ்சில், முழங்கையில் காய்ந்த சிமெண்டோடு உட்கார்ந்திருந்தார். காவலர் மேசையில் சிவப்பு உறை மாட்டிய பிரஷை வைத்து, நிதானம் நடந்ததை எல்லாம் விளக்கினார். இனி அவர் வீட்டுக்குப் போகலாம் என்று ஆய்வாளர் சொன்னார். பிளம்பர் எழவில்லை. நிதானம் அவர் பக்கத்தில் பெஞ்சின்மேல் மருந்துப் புட்டியை வைத்தார். அதைப் பார்த்ததும், இரண்டு நாள்களாக யார் கேட்டும் திறக்காத வாய் திறந்தது.

"ஸ்கூட்டர்ல வயித்தப் பிடிச்சுக்கிட்டே வந்தான் சார். விழுந்துட்டேன்னான். டாக்டர்கிட்டப் போலாம்டான்னு வண்டியத் திருப்பினேன். திருப்பிட்டேன் சார். அப்ப என் சட்டையப் பிடிச்சு இழுத்தான். 'அப்பா, வேணாம்ப்பா. அம்மாவுக்குத் தெரிஞ்சா இனிமே ஓட்ட விட மாட்டாங்கப்பா'ன்னான்."

அவர் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அங்கிள், அங்கிள்னுதான் கூப்பிடுவான். அன்னிக்குத்தான் அப்பான்னான். அந்த ஒரு வார்த்தைக்கு நான் வண்டிய வீட்டுப் பக்கமே திருப்பிட்டேன். கடையில கேட்டேன், இந்த மருந்தக் குடுத்தாங்க. வலிக்குதுன்னு சொன்னப்பல்லாம் கொஞ்சம் ஊத்திக் குடுத்தேன்."

அதைக் காவலர்களிடம் ஏன் சொல்லவில்லை என்று ஆய்வாளர் அதட்டினார்.

"அவன்கிட்ட வாக்குக் குடுத்திருந்தேன். அப்புறம், நான் அடிக்கலைன்னு சொல்றதுக்கு எனக்கு வாய் வரல சார்."

தாய் கணவனைப் பார்க்கவில்லை, நிதானத்தைப் பார்த்தாள். ரெண்டு பேரில் யார் என்று அவள் காலையில் கேட்ட கேள்வி இன்னும் நின்றுகொண்டிருந்தது. கண்டக்டரம்மாவுக்குத் தெரிந்தவரை, நிதானம் தம் வாழ்நாளில் உடனே பதில் சொன்னது அந்த ஒரு முறைதான்.

"ரெண்டு பேரும்மா."

அவள் தலையசைத்தாள். எழுதி வைத்திருந்த புகாரை மேசையின் மறுபக்கத்துக்குத் தள்ளினாள். வேறு காகிதம் கேட்டு, தானே உட்கார்ந்து, தன் கையால் எழுதினாள். முதலில் சாம்பியனின் பெயரை எழுதினாள். அடுத்த பெயரைத் தொடங்குமுன் பேனா நீண்ட நேரம் நின்றது. பின்பு அதையும் எழுதினாள். எழுதி முடிக்கும்வரை பிளம்பர் அவளுக்கு வெளிச்சம் மறைக்காமல் சற்று நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

*

ஆஸ்பத்திரிக்கு அவளைக் கொண்டுபோய் விட்டவள் கண்டக்டரம்மா. சிறுவன் கண் விழித்திருந்தான். தாய் அவன் காலைப் பிடித்துக்கொண்டு கட்டிலோரம் நின்றாள். டிரிப்ஸைச் சரி செய்துகொண்டிருந்த நர்ஸிடம் அவன், "தண்ணி" என்றான்.

குடல் தைத்த இடம் ஆறும்வரை ஒரு சொட்டுகூட உள்ளே போகக்கூடாது. "இப்ப கெடையாதுடா கண்ணு" என்று நர்ஸ் பஞ்சை நனைத்து அவன் உதட்டில் ஒற்றினாள்.

சிறுவன் சிறிது நேரம் யோசித்தான். தன்னிடம் என்ன குறை கண்டார்கள் என்று தேடுகிற யோசனை அது. பிறகு, நம்பமாட்டார்களோ என்ற பயத்தோடு, நர்ஸின் கையைத் தொட்டுச் சொன்னான்.

"கழுவிட்டேன் சிஸ்டர். நெஜமா. வலிச்சுது, ஆனா முழுசாக் கழுவிட்டேன்."

கண்டக்டரம்மா வாயைத் திறந்தாள். திருப்பித் தர அவளிடம் சில்லறை இல்லை.